கைத்தேர்ச்சியும் ஆசிரியர் கடனும்

ஒரு தொழிலைக் கற்கப் புகுந்தவன் எவ்வாறு படிப்படியாக அதில் வல்லவனாகின்றான் என்பது பார்வைக்கு எளிய வினாவேயாம். தச்சனும் கொல்லனும் பாடகனும் புலவனும் ஒருகாலத்தில் ஒன்றும் அறியாதவராயிருந்து பின்னரே வல்லுநராயினர் என்பதை அறியாதார் யார்? ஆயினும் இவ்வினாவினுள்ளே மற்றொரு வினா மறைந்து கிடக்கின்றது. வல்லவனாகிவிட்ட ஒருவன், இன்னும் வல்லவனாகாத மற்றொருவனுக்குச் செய்யக் கடவது யாது? அவன் பொறுமையோடு கற்பித்தல் இரக்கத்தின்பாற் பட்டதோ, அன்றிக் கடனின்பாற் பட்டதோ? இஃது ஏட்டளவில் நின்றொழியும் வினா அன்று. பாடசாலையிலே நாள்தோறும் நாம் சொல்லாலோ முகக்குறிப்பாலோ விடை கூறிக்கொண்டிருக்கும் வினாவாகும். ஆதலின் ஆசிரியத் தொழில் பூண்ட நாம் இதனை ஆராயாது விடுதல் தகாது.

யாம் கொத்மலைப் பகுதியிலே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்றோம். அண்மையில் இளைய ஆசிரியர் ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, இவ்வகுப்பிலே பாதிப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை கூறினும் ஏறவில்லை. இவர்கள் கைக்குக் கூடைதான் பொருந்தும், எழுதுகோல் பொருந்தாது" என்று மனம் நொந்து கூறினார். அவர் கொடியவர் அல்லர், களைத்தவர். அவரைக் கடிந்துகொள்ள எமக்கு வாய் எழவில்லை. ஏனெனில், பல ஆண்டுகளுக்கு முன்னர் யாமும் அதே சொல்லை, அதனினும் கொடிய முறையில், ஒரு பிள்ளையின் தாயிடத்தே கூறச் சென்றோம். சென்ற இடத்தில் யாம் கற்ற பாடமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அப்பிள்ளை எட்டாம் வகுப்பு மாணாக்கி. கரும்பலகையில் எழுதியதைப் பிழையறப் பெயர்த்து எழுதுவாள். மனப்பாடம் செய்ததைத் தடையின்றி ஒப்புவிப்பாள். ஒருநாள் மலைநாட்டு மழையைப்பற்றித் தாமாகவே ஒரு கட்டுரை எழுதி வருமாறு வகுப்பினர்க்குப் பணித்தோம். அவள் எழுதி வந்த கட்டுரையில் ஒருமை பன்மை மயக்கமும் சந்திப் பிழைகளும் மலிந்திருந்தன. யாம் அதனை வகுப்பில் உரக்கப் படித்தோம், பிள்ளைகள் நகைத்தனர், யாமும் நகைத்தோம். அன்று முதல் அவள் தன் சொல்லாக ஒரு வாக்கியமும் எழுதினாள் அல்லள். எதை எழுதச் சொல்லினும் பாடநூலில் நெட்டுருச் செய்த வாக்கியங்களையே எழுதி வைத்தாள். அதுகண்டு, "இவள் மந்தமதி உடையவள்" என்று முடிவு செய்து, அதனை அவள் தாய்க்கு அறிவிக்கப் புறப்பட்டோம்.

தாய் மலைச்சரிவிலே தன் நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலே படங்கு, முதுகிலே கூடை. எம்மைக் கண்டு வணங்கினாளாயினும், பேசும்போதும் அவளுடைய இரு கைகளும் ஓயவில்லை. கண் எம்மை நோக்கியிருக்கக் கை செடியை நோக்கியிருந்தது. அவ்விரைவில் யாம் சிறிது மயங்கி, வந்த காரியத்தை மறந்து, "இதனை யாமும் செய்து பார்க்கலாமா?" என்றோம். அவள் நகையாது, தன் அருகிலிருந்த செடியைக் காட்டினாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுக்கவேண்டும் என்பதை யாம் அறிவோம். அதனை எத்தனையோ முறை பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லியுமிருக்கின்றோம். ஆயின், கை வைத்தபோது எது இரண்டாம் இலை, எது முற்றிய இலை, எந்த மொட்டு வளரும் மொட்டு, எது வளர்ச்சி நின்ற மொட்டு என்பன ஒன்றும் விளங்கவில்லை. ஒடித்தெடுக்கவேண்டியதை நகத்தாற் கிள்ளினோம், விடவேண்டியதை எடுத்தோம், எடுக்கவேண்டியதை விட்டோம். கால்மணி நேரத்தில் எம் கையிற் சேர்ந்தது ஒரு பிடிக்கும் குறைவு. அதிலும் பாதி மடுவத்தில் நிறுவைக்கு உதவாதது.

அப்போது அவள் மட்டக்கம்பை எடுத்துச் செடியின்மேற் கிடத்தி, "வாத்தியார் ஐயா, முதலிலே இந்தக் கம்பைப் பாருங்கள். கம்புக்கு மேலே நிற்பதை மட்டும் பாருங்கள். கை பிறகு தானே வந்துவிடும்" என்றாள். அவ்வாறு செய்தோம், சிறிது தெளிவு பிறந்தது. "நீர் இக்கம்பை வைத்துப் பார்க்கக் காணோமே?" என்று வினவினோம். "எனக்கு இப்போது வேண்டியதில்லை, தொடங்கின காலத்தில் கம்பில்லாமல் ஒரு செடியும் பறித்ததில்லை" என்றாள். "எந்தக் கொழுந்தை விடுவது, எதை எடுப்பது என்று எவ்வாறு அறிகின்றீர்?" என்று கேட்டோம். அவள் சற்று எண்ணிப் பார்த்து, "அதைச் சொல்லத் தெரியாது ஐயா, கைக்குத் தெரியும்" என்றாள்.

இவ்விரண்டு விடைகளும் எம்மை வாயடைக்கச் செய்தன. தன் தேர்ச்சியைச் சொல்லால் விளக்க இயலாத அப்பெண்மணி, தொடங்குவான் ஒருவனுக்கு எது வேண்டும் என்பதை மட்டும் மறந்திலள். தனக்கு வேண்டாத கம்பை எமக்காக எடுத்தாள். எம்மை மந்தமதி என்று கூறினாளும் அல்லள். யாமோ அவள் மகளைக் குறித்து அச்சொல்லைக் கூறவே அங்குச் சென்றிருந்தோம். கூறாமலே திரும்பினோம்.

இனி, இந்நிகழ்ச்சியின் உட்பொருளை ஆராய்வாம். 1980 ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆசிரியராகிய ஸ்டுவர்ட் டிரைபஸ், ஹியூபர்ட் டிரைபஸ் என்னும் சகோதரர் இருவர், விமானம் ஓட்டுவோர், சதுரங்கம் ஆடுவோர், பிறமொழி கற்போர் ஆகியோரை ஆராய்ந்து, தேர்ச்சி பெறும் முறையைப் பல படிகளாக வகுத்து, அந்நாட்டு விமானப் படையினர்க்கு ஓர் அறிக்கை அளித்தனர். 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை மேலும் விரித்துரைத்தனர். அவர் கூறிய படிகள் ஐந்து. அவற்றைக் கொழுந்து பறித்தலோடு பொருத்திக் காண்பது நமக்கு எளிதாகும்.

முதற்படியில் நிற்பவன் விதியொன்றையே அறிவான். "கம்புக்கு மேல் நிற்பதை எடு, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடு" என்பது விதி. இடமும் காலமும் நோக்காது அவ்விதியைப் பின்பற்றுதலே அவன் கடன். இரண்டாம் படியில், விதியிற் சொல்லப்படாத சிலவற்றை அனுபவத்தால் அறியத் தொடங்குவான். மழைக்குப் பின் வந்த கொழுந்தின் மென்மை வேறு. வெயிலில் நின்ற கொழுந்தின் தன்மை வேறு. கவ்வாத்து வெட்டிச் சில மாதங்களேயான செடி வேறு, பல ஆண்டு கடந்த செடி வேறு என்பன அவன் கண்ணுக்குப் புலனாகும். மூன்றாம் படியில் அவ்வறிவுகள் பெருகி மலைப்பைத் தரும். எல்லாவற்றையும் ஒருங்கே நோக்க இயலாமையால், இன்று எதனை முதன்மையாகக் கொள்வது என்று தானே தெரிந்தெடுக்கவேண்டியவனாவான். நிறை கூட்டுவதா, தரம் காப்பதா, நிரையை விரைந்து முடிப்பதா என்பதைத் தானே துணிவான். நான்காம் படியில் செடி முழுவதும் ஒரே பார்வையில் விளங்கும். செய்யத்தக்கதை மட்டும் சிறிது எண்ணித் துணிவான். ஐந்தாம் படியிலோ காண்பதும் செய்வதும் ஒன்றாய்விடும். "கைக்குத் தெரியும்" என்று அத்தாய் கூறியது இப்படியையே.

இதன்பின் பற்றிசியா பெனர் என்னும் அம்மையார் இம்முறையை மருத்துவமனைத் தாதியரிடத்தே பொருத்தி ஆராய்ந்து, 1984 இல் ஒரு நூல் வெளியிட்டார். தொழில்கள் வேறாயினும் ஏறும் படிகள் பெரிதும் ஒத்திருந்தன என்பது அவர் கண்ட முடிபு.

இவ்வைந்தனுள் ஆசிரியர் கூர்ந்து நோக்கத்தக்கது மூன்றாம் படியேயாம். முதலிரு படிகளில் பிழை நேரின், பிழை விதியைச் சாரும். "நீர் சொன்னவாறே செய்தேன்" என்று மாணாக்கன் கூறிவிடலாம். மூன்றாம் படியிலோ அவன் தானே தெரிந்தெடுத்தான். ஆகவே பிழையும் அவனுடையது, வெற்றியும் அவனுடையது. அச்சமும் மகிழ்ச்சியும் நாணமும் ஈண்டே முதன்முதலாகத் தோன்றும். அச்சகோதரர் இருவரும் இதனை வற்புறுத்திக் கூறினர். தன் பிழைக்கு வருந்தியும் தன் வெற்றிக்கு மகிழ்ந்தும் நிற்பவனே மேற்படிக்கு ஏறுவான்; அவ்வீடுபாட்டைத் துறந்து விதிக்குள்ளே ஒடுங்குபவன் அங்கேயே நின்றுவிடுவான் என்பது அவர் கருத்து.

இப்போது அம்மாணாக்கியை நினைமின். பெயர்த்தெழுதுதலும் ஒப்புவித்தலுமாகிய கீழ்ப்படிகளிலே அவள் நன்கு நின்றாள். தானே ஒரு கட்டுரை எழுதியபோது, நடுங்கும் காலோடு மூன்றாம் படியில் அடி வைத்தாள். அந்த நொடியிலே யாம் நகைத்தோம். அவள் செய்தது யாது? பிழைக்கு இடமில்லாத கீழ்ப்படிக்கே இறங்கிவிட்டாள். யாம் மந்தமதி என்று கண்டது அவள் மதியின் குறையன்று. அவள் தன்னைக் காத்துக்கொண்ட அறிவேயாம். நம் பாடசாலைகளில் மந்தர் எனப் பெயர் பெற்ற பிள்ளைகளுள் எத்துணைப் பேர் இவ்வாறு ஏறிய படியினின்று இறக்கப்பட்டவர் என்பதை ஆசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டு அறிவாராக.

ஈண்டு ஒரு சாரார் தடை நிகழ்த்துவர். "விதிகளே குழந்தையின் இயல்பான அறிவைக் கெடுக்கின்றன. பறவை விதி கற்றா பறக்கின்றது? விதியை நீக்கி விட்டுவிடின் குழந்தை தானே மலரும்" என்பர். மற்றொரு சாரார், "விதியை நெகிழ விடுதலே கேட்டிற்குக் காரணம். இறுதிவரை கம்பு வேண்டும்" என்பர். இவ்விரு திறத்தாரும் கம்பின் பயனை அறிந்தாரல்லர். கம்பில்லாது தொடங்குவான் செடியைச் சிதைப்பான். செடி தாங்கினும், பறித்தவன் மனம் தாங்காது. கம்பை என்றும் விடாதவனோ கம்பைப் பார்ப்பானேயன்றிச் செடியைப் பாரான். கம்பு கண்ணுக்கு மட்டத்தைக் கற்பித்தற்பொருட்டு வந்தது; கண் கற்றபின் விலகுதற்பொருட்டே வந்தது. எப்போது கொடுப்பது, எப்போது எடுப்பது என்னும் இரண்டுமே கற்பித்தற் கலையின் உயிர்.

யாம் இளமையிற் பயின்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே எமக்கு எழுத்துப் பயிற்றிய ஆசிரியர், கோடிட்ட கொப்பியிலேயே ஓராண்டு எழுதுவித்தார். கோட்டைத் தாண்டிய எழுத்தை மீண்டும் எழுதச் செய்தார். ஆண்டு முடிவில் ஒருநாள் கோடில்லா வெள்ளைத்தாளை எம்முன் வைத்து, "எழுது" என்றார். வரிகள் மலைப்பாதைபோல் ஏறியும் இறங்கியும் சென்றன. யாம் அழுதோம். அவர் அத்தாளைக் கிழித்தெறியாது தேதியிட்டு எடுத்து வைத்தார். மூன்று மாதம் கழித்து யாம் எழுதிய தாளோடு அதனை ஒப்பிட்டுக் காட்டினார். அவருடைய சமயம் வேறு, எம் சமயம் வேறு. ஆயினும், கோட்டை இடவும் அழிக்கவும் அறிந்த அப்பெரியாரின் நன்றியை யாம் மறந்திலேம். நல்லது எவரிடத்திருப்பினும் கொள்ளுதல் சைவர்க்கு இழுக்கன்று. நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் பயின்றும் கற்பித்தும் பெற்ற அனுபவத்தை, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது நம் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தியதும், எளியது முன்னும் அரியது பின்னுமாகப் பாலபாடங்களை அமைத்ததும் யாவரும் அறிந்தனவே.

இனி, நம் முன்னோர் இப்பொருளைக் குறித்து யாது கூறினர் எனக் காண்போம். சைவ சித்தாந்த நூல்கள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படிகளைக் கூறும். பிறர் சொல்லக் கொள்வது முதலாவது. கொண்டதைத் தன் அறிவால் ஆராய்வது இரண்டாவது. ஐயம் நீங்குவது மூன்றாவது. அறிந்த பொருளோடு ஒன்றி நிற்பது நான்காவது. இது ஞானம் பெறுதற்குக் கூறியதாயினும், எக்கல்விக்கும் பொருந்தும் ஒழுங்குடையது. இதனுள் ஒரு நுட்பம் உண்டு. கேட்டலுக்குப்பின் சிந்தித்தல் வைக்கப்பட்டதேயன்றி, மீண்டும் மீண்டும் கேட்டல் வைக்கப்படவில்லை. முப்பது ஆண்டு ஒரு தொழிலைச் செய்தாரெல்லாம் அதில் வல்லவராதல் இல்லை. ஓராண்டு அனுபவத்தையே முப்பது முறை மீட்டுச் செய்தாரும் உளர். வெறும் வழக்கம் வேறு, தேர்ச்சி வேறு. இரண்டிற்கும் இடையே நிற்பது சிந்தனை. ஆசிரியத் தொழிலில் நரைத்த எம்மனோர் இதனை அச்சத்தோடு நினைத்தல் வேண்டும்.

நன்னூலார் பொதுப்பாயிரத்திலே மற்றொரு கணக்குக் கூறினார். ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டானாயினும் மாணாக்கனுக்குக் கிடைப்பது புலமையிற் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு தான் பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே வரும் என்பது அதன் கருத்து. பவணந்தி முனிவரது இக்கணக்கு மேனாட்டுச் சகோதரர் வகுத்த ஐந்து படிகளினும் ஒருவகையில் ஆழமுடையது என்போம். அவர் ஒருவன் தனியே ஏறும் ஏணியைக் காட்டினர். இவரோ அவ்வேணியின் பாதி, கீழே நிற்பவன் கையிலே இருக்கின்றது என்று காட்டினார்.

நாம் எழுப்பிய வினாவிற்கு விடை ஈண்டுக் கிடைக்கின்றது. வல்லவன் தொடங்குவானுக்குக் கற்பித்தல் இரக்கமன்று. தொடங்குவான் இல்லையாயின் வல்லவனுடைய புலமை அரைகுறையாகவே நின்றுவிடும். மாணாக்கன் கேட்ட "ஏன்?" என்னும் வினாவே ஆசிரியனை, தன் கை அறிந்ததைத் தன் அறிவும் அறியுமாறு செய்கின்றது. ஆகவே நம் புலமையிற் பாதியை நமக்கு அளித்தவர் நம்முன் விழித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அப்பிள்ளைகளேயாவர். கொடுத்தவனைப் பெற்றவன் இகழ்வது நன்றி கொன்ற செயல் அன்றோ? மந்தன் என்று கூறி நாம் தள்ளிவிடும் ஒவ்வொரு பிள்ளையோடும் நமக்கு வரவேண்டிய கல்வியும் வெளியே சென்றுவிடுகின்றது.

மேலும், படிகளை உயர்வு தாழ்வாகக் கொள்ளுதலும் பிழை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களுக்கும் அரும்பு, மலர், காய், கனி என்பவற்றை உவமையாகக் கூறினார் தாயுமானவர். அரும்பு குறைபட்ட மலர் அன்று. அந்நிலையில் அது நிறைவுடையதே. அரும்பை விரித்துப் பார்ப்பவன் மலரைக் காணான், அரும்பையும் இழப்பான். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கட்டுரையில் புலவர் நடையைத் தேடிய யாம் செய்தது இதுவே.

"அங்ஙனமாயின், கனி நிலை எய்தியவன் பழைய விதிகளைத் துறந்துவிடலாமோ?" எனின், துறவான் என்க. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் நீங்கிய ஞானியும் அடியாரையும் ஆலயத்தையும் தொழுதலைக் கூறுகின்றது. தொடக்கத்தில் கட்டளையாக நின்ற வழிபாடு, முடிவில் அன்பின் இயல்பாக நிற்கின்றது. விதி ஒழிந்ததன்று, விதிக்குள் இருந்தவன் இப்போது விதியைத் தன்னுள் வைத்திருக்கின்றான்.

இதற்கு எம் ஊரிலேயே ஒரு காட்சி உண்டு. மகாவலித் திட்டத்தின் பகுதியாக 1985 இல் கொத்மலை நீர்த்தேக்கம் அமைந்தபோது, பள்ளத்தாக்கிலிருந்த ஊர்களும் வயல்களும் கடதொர விகாரையும் நீரில் ஆழ்ந்தன. நீர் நிறைந்த காலத்தில் நோக்குவார்க்கு அங்கே ஊர் இருந்ததென்றே தோன்றாது. வறட்சியால் நீர் இறங்கும் காலத்திலோ பழைய விகாரையின் கட்டடம் தலைகாட்டும். மக்கள் சென்று பார்ப்பர். தேர்ந்தவனிடத்து விதிகளும் அத்தகையனவே. பயிற்சி நிறைந்து நிற்கும்போது அவை தோன்றா. புதிய இடையூறு வந்து பழக்கம் வற்றும்போது, அடியிற் கிடந்த விதிகள் மீண்டும் வெளிப்படும். மட்டக்கம்பை வேண்டாத அத்தாயும், எம்பொருட்டு ஒரு நொடியில் அதனை எடுத்ததை நினைக.

முடிவான தேர்ச்சி என்பது மீண்டும் தொடக்கநிலையில் நிற்கத் துணிவதே என்பதற்குத் தமிழுலகில் ஒரு பெருஞ்சான்று உண்டு. உத்தமதானபுரம் சாமிநாதையர் 1871 இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, 1876 இல் ஆசிரியர் மறையும்வரை அவரிடம் பாடங் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் எனத் தாம் கேட்ட நூல்கள் பல. அக்கால அளவையால் அவர் நிறைந்த புலவர். 1880 இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியருமானார். அவ்வாண்டிலேயே அவ்வூரில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண நேர்ந்தது. தாம் கற்ற நூல்களை ஐயர் அடுக்கிக் கூற, முதலியார் அவற்றைப் பெரிதும் மதியாது, சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் படித்திலர்.

இருபத்தைந்து வயதினர், கல்லூரி ஆசிரியர், மகாவித்துவானின் மாணாக்கர். அவ்வினாவைத் தமக்கு இழிவாகக் கொண்டு எழுந்து போயிருப்பின் யாரும் குறை கூறியிரார். அவரோ அந்நூலின் பிரதியைப் பெற்று, எழுத்தெண்ணிப் படிக்கத் தொடங்கினார். தாம் அறிந்த எவையும் உதவாத இடங்களில், கும்பகோணத்து வாழ்ந்த சைனர்களின் வீடு தேடிச் சென்று, அவர் சமயக் கொள்கைகளையும் வழக்குச் சொற்களையும் ஒரு சிறு மாணாக்கர்போல் கேட்டு அறிந்தார். 1887 இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னர்ப் பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் அவர் பதிப்பாக ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. கல்லூரி நாற்காலியை விட்டிறங்கி மீண்டும் முதற்படியில் நின்றமையாலன்றோ அவ்வுயரம் அவர்க்கு வாய்த்தது? சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்ற அருணந்தி சிவாசாரியார், இளங்குழந்தையாகிய மெய்கண்டாரைப் பணிந்து மாணாக்கரானார் என்னும் மரபு வரலாறும் இதனையே அறிவுறுத்தும்.

இன்னும் ஒன்று கூறுதல் வேண்டும். கொழுந்து பறிப்பதில் இத்துணைப் படிகளும் நுட்பமும் இருப்பவும், உலகத்தார் அதனைத் தேர்ச்சி வேண்டாத கூலி வேலை என்றே வழங்கிவந்தனர். 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டுத் தன் வீட்டு விறாந்தையிலே கையால் உருட்டிப் பழகிய ஜேம்ஸ் டெயிலரின் முயற்சியை வரலாறு போற்றுகின்றது; போற்றுதல் தகும். ஆனால் அவரோடும் அவர்க்குப் பின்னும் இம்மலைகளிலே கையால் அறிந்த அறிவைத் தாயிடமிருந்து மகள் பெற, தலைமுறை தலைமுறையாக வளர்த்த பெண்களின் தேர்ச்சிக்கு ஒரு பெயரும் இடப்படவில்லை. பெயரில்லாத அறிவிற்கு ஊதியமும் மதிப்பும் குறைதல் இயல்பாயிற்று. தேர்ச்சியைத் தேர்ச்சி என்று கண்டு கூறுதலும் ஆசிரியர் கடனேயாம்.

ஆயின், இதனைத் திரித்து, "கொழுந்து பறித்தலும் ஒரு கலையே, ஆதலின் இப்பிள்ளைகள் அதனோடு அமைக" என்று யாரேனும் கூறுவாராயின், அது புகழ்ச்சி வடிவில் வந்த விலங்காகும். தாயின் தேர்ச்சி எதற்குச் சான்று? அவள் மகளும் கூடை சுமக்கவேண்டும் என்பதற்கன்று. அக்குடியினர் எதனையும் ஐந்தாம் படிவரை கற்க வல்லவர் என்பதற்கே சான்று. கம்பும் காலமும் பொறுமையும் கிடைத்த துறையில் அவர் வல்லவராயினர். எழுத்துத் துறையில் அம்மூன்றையும் கொடாதவர் யார்? நாமே அல்லமோ?

ஆதலின் ஆசிரிய அன்பர்க்கு யாம் விண்ணப்பிப்பன சில. மாணாக்கன் நிற்கும் படியை அறிந்து அப்படிக்குரியதையே அவனிடம் எதிர்பார்க்க. தொடங்குவானுக்கு விதியைத் தெளிவாகவும் சிலவாகவும் கொடுக்க. அவன் தானே தெரிந்தெடுத்துச் செய்யும் முதல் முயற்சியில், பத்துப் பிழையிருப்பினும் ஒன்றையே திருத்துக. ஒருபோதும் பிறர்முன் நகையற்க. கண் மட்டம் கற்றதென்று கண்டவுடன் கம்பை எடுத்துவிடுக. மேல்வகுப்புப் பிள்ளையைக் கொண்டு கீழ்வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லுவித்து, நன்னூலார் கூறிய அரைப்பங்கை அவனும் பெறச் செய்க. இவையெல்லாவற்றினும் மேலாக, ஆண்டுதோறும் நாம் அறியாத ஏதேனும் ஒன்றை நாமே முதற்படியில் நின்று கற்போமாக. விரல் தடுமாறும் துன்பத்தை மறந்த ஆசிரியன், தடுமாறும் விரலுக்குக் கற்பிக்க வல்லனாகான்.

அம்மாணாக்கியின் செய்தியைக் கூறி முடிப்போம். மறுநாள் வகுப்பிலே, அவள் கட்டுரையைப் படித்து நகைத்தது எம்முடைய பிழை என்று பிள்ளைகள் அறியக் கூறினோம். கூறிய அளவிலே அவள் மாறிவிட்டாள் அல்லள். நெட்டுருச் செய்த வாக்கியங்களே பின்னும் நெடுநாள் வந்தன. நகைத்தற்கு எமக்குச் சென்றது ஒரு நொடி. அதனை ஆற்றுதற்கு ஆயிற்று ஏறக்குறைய இரண்டு ஆண்டு. பத்தாம் வகுப்பில் ஒருநாள், தாய் மழையில் நனைந்து வந்ததைப்பற்றி அவள் தன் சொல்லால் நான்கு வரி எழுதியிருந்தாள். அவற்றிலும் மூன்று பிழைகள் இருந்தன. ஒன்றைத் திருத்தி, தேதியிட்டுக் கொடுத்தோம்.

கற்பார் கற்பிப்பார் இருவரையும் உள்நின்று இயக்கும் சிவபிரான் திருவருள் நம் பாடசாலைகளில் என்றும் நிலைபெறுக.